ஆவுளியா மேயும் கடற்புல்வெளி

உரைநடை உலகம்

நுழையும்முன்

கடல் மீனவரின் விளைநிலம். அதே நீரில், மூச்சுவிட மேலே வந்து, புல் மேய மீண்டும் கீழே செல்லும் பாலூட்டி ஒன்றும் வாழ்கிறது. மீனவரின் வலையும் அவ்வுயிரின் வழியும் ஒரே இடத்தில் குறுக்கிடுகின்றன. ஒன்றைக் காக்க மற்றொன்றை விலக்கத்தான் வேண்டுமா? பாக் விரிகுடாவில் வாழும் ஆவுளியாவை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

கடலில்லா நாட்டின் கடல்

சிவகங்கை மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. காரைக்குடிப் பகுதியில் அமைந்த நாச்சியாபுரம் முதலிய செட்டிநாட்டு ஊர்கள் ஊருணியையும் கண்மாயையும் நம்பி வாழ்பவை. ஆயினும் அவ்வூர்களின் வாழ்வில் கடல் கலந்தே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்ப்பூச்சில் கடற்சிப்பிச் சுண்ணாம்பு உண்டு. முகப்புகளைத் தாங்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. சுறாப்புட்டும் நண்டுக் குழம்பும் கருவாட்டுத் தொக்கும் இல்லாமல் செட்டிநாட்டுச் சமையலைப் பேச முடியாது.

நாச்சியாபுரத்திலிருந்து கிழக்கே காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் பயணம் தொண்டியில் கடலைத் தொடுகிறது. அக்கடற்பகுதியே பாக் விரிகுடா. சந்தைக்கு வரும் மீன்களோடும் நண்டுகளோடும், சந்தைக்கு ஒருபோதும் வரக்கூடாத ஓர் உயிரும் அங்கு வாழ்கிறது. மீனவர்கள் அதனை ஆவுளியா என்கின்றனர்; கடற்பசு என்பது அதன் மற்றொரு பெயர்.

அலை அடங்கிய விரிகுடா

தமிழகக் கரைக்கும் இலங்கையின் வடபகுதிக்கும் இடையே அமைந்த பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதியில் அதன் ஆழம் பத்து மீட்டர் அளவிலேயே அமைகிறது. தெற்கே இராமேசுவரம் தீவும் மணல்திட்டுகளும் பெருங்கடலின் அலைவேகத்தைத் தடுக்கின்றன. ஆழமின்மையால் கதிரவன் ஒளி கடலின் அடித்தரை வரை எட்டுகிறது. ஒளி எட்டும் தரையில் புல் முளைக்கிறது. புல் முளைத்த இடத்தில் மேயும் உயிரும் தோன்றுகிறது. பாக் விரிகுடா ஆவுளியாவின் இல்லமானதற்கு இந்த இயற்கையமைப்பே காரணம்.

இந்தியாவில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, குசராத்தின் கச்சு வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய பகுதிகளில் மட்டுமே ஆவுளியா காணப்படுகிறது. அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதி இதனைத் தன் மாநில விலங்காகக் கொண்டுள்ளது. பாக் விரிகுடாவில் ஒருகாலத்தில் இவை பெருங்கூட்டமாக மேய்ந்ததைப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டும் வலைகளில் சிக்கியும் அக்கூட்டங்கள் மறைந்தன. இந்தியக் கடல்களில் ஏறத்தாழ 240 ஆவுளியாக்களே எஞ்சியுள்ளன என்றும், அவற்றுள் பெரும்பாலானவை தமிழகக் கடற்பகுதியில் வாழ்கின்றன என்றும் தமிழ்நாடு அரசு 2022இல் தெரிவித்தது.

யானையின் கடல் உறவு

உருவத்தால் மீன்போலத் தோன்றினாலும் ஆவுளியா மீன் அன்று. நுரையீரலால் மூச்சுவிடுவது, கன்றை ஈன்று பாலூட்டுவது. திமிங்கலமும் ஓங்கிலும் இறைச்சியுண்ணும் கடற்பாலூட்டிகள். ஆவுளியாவோ தாவர உண்ணி. சைரேனியா எனப்படும் விலங்கு வரிசையைச் சேர்ந்த இதற்கு, நிலத்தில் வாழும் விலங்குகளுள் யானையே நெருங்கிய உறவு. வளர்ந்த ஆணுக்குச் சிறு தந்தங்கள் உண்டு. தாயின் பால்காம்புகள் யானைக்கு இருப்பதுபோல முன்னுறுப்புகளின் அருகே அமைந்துள்ளன.

முழு வளர்ச்சியுற்ற ஆவுளியா ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமும் 400 கிலோகிராம் வரை எடையும் கொண்டது. கீழ்நோக்கி மடிந்த அகன்ற மேலுதட்டால் கடலடித் தரையைத் துழாவிக் கடற்புல்லை வேரோடு பறித்து உண்கிறது. ஒரு நாளில் 30 முதல் 40 கிலோகிராம் வரை புல் மேயும். அது மேய்ந்து சென்ற வழி, ஏர் உழுத சால்போலத் தரையில் நீண்டு கிடக்கும். மேயும்போதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்து அது மூச்சுவிட வேண்டும். ஆவுளியாவின் வாழ்வும் சாவும் இந்தச் சில நிமிடங்களில் அடங்கியுள்ளன.

கடல்சார் ஆய்வில் இவ்விலங்குக்குத் தமிழகத்தில் நீண்ட வரலாறு உண்டு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் இயங்கிய காலத்தில், 1959 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கு இரண்டு ஆவுளியாக்கள் வளர்க்கப்பட்டன. அவற்றின் உணவு, மூச்சு, பழக்கவழக்கம் ஆகியவை குறித்த பல செய்திகள் அங்கிருந்தே அறிவியல் உலகிற்குக் கிடைத்தன.

கடற்புல்வெளி என்னும் நாற்றங்கால்

| தெரிந்து தெளிவோம்
| கடற்புல்லும் கடற்பாசியும் ஒன்றல்ல. கடற்பாசிக்கு உண்மையான வேரும் பூவும் இல்லை. கடற்புல்லோ வேர், தண்டு, இலை, பூ, விதை ஆகிய அனைத்தும் உடைய பூக்கும் தாவரம். நிலத்தில் வாழ்ந்து, பின்னர்க் கடலுக்குத் திரும்பிய தாவர இனங்களின் வழிவந்தது.

நெல் முதலில் நாற்றங்காலில் வளர்ந்து, பிறகே வயலுக்குச் செல்கிறது. கடலில் அத்தகைய நாற்றங்காலாக விளங்குவது கடற்புல்வெளி. பச்சை இறாலின் குஞ்சுகள் புல்லிலைகளுக்கிடையே மறைந்து வளர்கின்றன. ஓரா மீன் இளம்பருவத்தை அங்கேயே கழிக்கிறது. நீலநண்டு அங்கே இரைதேடுகிறது. கணவாய் அங்கே முட்டையிடுகிறது. கடற்குதிரை தன் வாலால் புல்லைப் பற்றி நிற்கிறது. இவற்றுட் பல வளர்ந்து ஆழத்திற்குச் சென்று வலையில் விழுகின்றன. எனவே, ஆழ்பகுதியில் பிடிபடும் மீனிற்கும் கரையோரப் புல்வெளி கடன் கொடுத்திருக்கிறது.

கடற்புல் அடித்தரை மணலை வேரால் பற்றிக்கொண்டு கரையரிப்பைக் குறைக்கிறது. நீரில் மிதக்கும் வண்டலைப் படியச் செய்து நீரைத் தெளிவாக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து பெறப்பட்ட கரிமத்தைத் தன் வேர்மண்ணில் நெடுங்காலம் சேமித்து வைக்கிறது.

இப்புல்வெளியில் ஆவுளியாவின் பங்கு என்ன? அது மேய்வதால் புல்வெளி அழிவதில்லை. முதிர்ந்த புல் நீங்கிய இடத்தில் விரைந்து வளரும் இளம்புல் தோன்றுகிறது. உண்ட விதைகள் சாணத்தின் வழியே வேறிடங்களுக்குச் சென்று முளைக்கின்றன. புரட்டப்பட்ட மண்ணிலிருந்து சத்துகள் நீரில் கலக்கின்றன. ஆவுளியா மீன் உண்பதில்லை. ஆகவே, அது மீனவருக்குப் போட்டியாளர் அன்று. மீனவரின் நாற்றங்காலைப் பண்படுத்தும் கூலி பெறாத உழவர் என்றே கூறலாம். ஆவுளியா நலமாக வாழும் இடத்தில் புல்வெளி நலமாக இருக்கும். புல்வெளி நலமாக இருக்கும் இடத்தில் மீனவரின் வருவாயும் நிலைக்கும்.

இருவகைப் படகுகள்

பாக் விரிகுடாவில் இருவகை மீன்பிடித்தொழில் நடைபெறுகிறது. ஒன்று, நாட்டுப்படகுகளிலும் வத்தைகளிலும் கரையோரத்தில் நண்டுவலை, செவுள்வலை, கரைவலை முதலியவற்றால் மீன்பிடிப்பது. மற்றொன்று, விசைப்படகுகளில் சென்று இழுவலையால் கடலடித் தரையை வாரி மீன்பிடிப்பது. இறால் ஏற்றுமதி பெருகிய காலத்தில் இழுவலைப் படகுகளும் பெருகின. இழுவலை கடலடித் தரையில் உராய்ந்து செல்லும்போது கடற்புல் வேரோடு பெயர்கிறது. கலங்கிய வண்டல் எஞ்சிய புல்லின் மேல் படிந்து ஒளியை மறைக்கிறது. வலையில் விழும் சிறுமீன்களில் பல, வளர்ந்திருந்தால் நாட்டுப்படகின் வலைக்கு வந்திருக்கக்கூடியவை.

இரு தரப்பினருக்கும் இடையே எழுந்த மோதல்களின் விளைவாகவே விதிகள் தோன்றின. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல்மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் தொலைவுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடைசெய்தது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளும், எஞ்சிய நான்கு நாள் நாட்டுப்படகுகளும் கடலுக்குச் செல்லும் முறை பின்பற்றப்படுகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்குத் தமிழகத்தில் தடை உண்டு.

இவ்விதிகள் ஆவுளியாவை எண்ணி இயற்றப்பட்டவை அல்ல; சிறுதொழில் மீனவரைக் காக்கவும் மீன்வளம் பெருகவும் எழுதப்பட்டவை. எனினும், ஆழமற்ற கடற்புல்வெளிகள் பெரும்பாலும் கரையோரத்திலேயே அமைந்திருத்தலால், கரையோர எல்லை முறையாகப் பின்பற்றப்படும்போது நாட்டுப்படகு மீனவரும் கடற்புல்லும் ஆவுளியாவும் ஒருசேரக் காக்கப்படுகின்றனர். எல்லை மீறப்படும்போது மூவரும் ஒருசேர இழக்கின்றனர். சூழல் பாதுகாப்பும் வாழ்வாதாரமும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பவை என்னும் கருத்து இங்கே பொருந்துவதில்லை.

அதேவேளையில், பழியனைத்தையும் இழுவலையின்மேல் சுமத்துவதும் உண்மையாகாது. விரிகுடா குறுகியது. ஒருபுறம் கரையோர எல்லையும், மறுபுறம் பன்னாட்டுக் கடலெல்லையும் அமைய, இடைப்பட்ட நீரில் விசைப்படகுகள் நெருக்குண்டு தொழில் செய்கின்றன. அதில் கூலிக்குச் செல்லும் தொழிலாளரும் மீனவரே. இந்நெருக்கடியைக் குறைக்க, இழுவலைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுகளை மானியத்துடன் வழங்கும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. பழகிய தொழிலை விட்டுப் புதிய தொழிலுக்கு மாறுவது எளிதன்று; எதிர்பார்த்த வேகத்தில் அம்மாற்றம் நிகழவில்லை.

நாட்டுப்படகு மீனவரின் வலையும் ஆவுளியாவிற்குத் தீங்கற்றது அன்று. ஆவுளியா நேரடியாக உயிரிழப்பதற்குப் பெரிதும் காரணமாவது, கடலில் நெடுநேரம் நிறுத்தி வைக்கப்படும் செவுள்வலையே. குறிப்பாக, திருக்கை போன்ற பெருமீன்களுக்காகத் தடித்த நூலால் பெருங்கண் வைத்துப் பின்னப்படும் வலைகள் ஆபத்தானவை. மாலையில் விரித்து விடியலில் எடுக்கப்படும் வலையில் இரவில் ஓர் ஆவுளியா சிக்கினால், அதனால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. மீனவர் அதனைக் கொல்ல எண்ணியதில்லை. வலையெடுக்க வரும்போது அது ஏற்கெனவே இறந்திருக்கும். புல்வெளியால் பெரிதும் பயன்பெறுபவரின் வலையே புல்வெளியின் உழவரைக் கொல்கிறது என்பதே இச்சிக்கலின் கடினமான பகுதி.

ஒரு கன்றின் கணக்கு

வலையில் சிக்குவது ஆண்டிற்குச் சிலவே எனில், அதனால் ஓர் இனம் அழிந்துவிடுமா என்னும் ஐயம் எழலாம். ஆவுளியாவின் இனப்பெருக்கம் இவ்வையத்தைத் தீர்க்கும். ஆவுளியா 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. எனினும், பெண் ஆவுளியா முதல் கன்றை ஈனுவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடும்; சிலவற்றிற்கு 15 ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். கருக்காலம் 13 முதல் 15 மாதங்கள். ஓர் ஈற்றில் ஒரே கன்று. ஒன்றரை ஆண்டு வரை பால்குடிக்கும் கன்று தாயின் அருகிலேயே திரியும். அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் இடைவெளி உண்டாகும். உணவு குறைந்தால் இடைவெளி மேலும் நீளும்.

எல்லாச் சூழலும் நன்றாக அமைந்தாலும் ஆவுளியாக்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காட்டிற்கு மேல் பெருகாது என்பது அறிவியலாரின் கணிப்பு. ஒரு கடற்பகுதியில் 200 ஆவுளியாக்கள் இருப்பதாகக் கொண்டால், ஓராண்டில் மிகக்கூடிய பெருக்கம் பத்து. அவ்வாண்டில் பத்து ஆவுளியாக்கள் வலைகளில் இறந்தால் பெருக்கம் இல்லை. பதினொன்று இறந்தால் அழிவு தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான முட்டையிடும் மீனினம் ஒரு நல்ல பருவத்தில் மீண்டுவிடும். ஆவுளியாவிற்கு அத்தகைய பருவம் இல்லை. ஆகவேதான் ஒரு வலை, ஓர் இரவு, ஓர் ஆவுளியா என்பதுகூடப் பெருங்கணக்காகிறது.

சட்டமும் காப்பகமும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆவுளியாவை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. இதனை வேட்டையாடுவோருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிக் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. வலசைபோகும் உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் அமைந்த ஆவுளியா பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இந்தியா 2008இல் கையொப்பமிட்டது.

இவற்றின் தொடர்ச்சியாக, 2022 செப்டம்பர் 21ஆம் நாள் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோர நீரில் 448.34 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது அமைந்துள்ளது. இப்பகுதியில் ஏறத்தாழ 12,250 ஹெக்டேர் கடற்புல்வெளி இருப்பதாக அரசு குறிப்பிட்டுள்ளது.

இக்காப்பகத்தின் சட்ட வடிவம் கருதத்தக்கது. தேசியப் பூங்காவினுள் மனிதப் பயன்பாடு பெரிதும் விலக்கப்படும். ‘பாதுகாப்பகம்’ என்பது அவ்வாறன்று. உள்ளூர் மக்களைக் கலந்தாய்ந்த பின்னரே அறிவிக்கப்பட வேண்டியது. அவர்களும் இடம்பெறும் குழுவின் அறிவுரையோடு நடத்தப்பட வேண்டியது. மீனவரை வெளியேற்றிவிட்டு ஆவுளியாவைக் காக்க இயலாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட வடிவம் இது. பரந்த கடலில் வனத்துறைப் படகுகள் எல்லா இடத்தும் எல்லா நேரத்தும் நிற்க இயலாது. வலையருகே நிற்பவர் மீனவர் ஒருவரே.

இந்திய வனவிலங்கு நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் மேற்கொண்ட பணிகளில் மீனவர்கள் தன்னார்வலர்களாக இணைந்துள்ளனர். ஆவுளியா தென்பட்ட இடம், நாள் ஆகிய செய்திகளை அவர்கள் பதிவு செய்கின்றனர். மீனவக் குழந்தைகளுக்கு ஆவுளியாவின் பெயரால் கல்வி உதவித்தொகையும் வழங்கப்பட்டது. தஞ்சாவூர்க் கடற்கரையில் வலையில் சிக்கிய ஆவுளியாக்களை மீனவர்களே விடுவித்து, அரசின் பாராட்டையும் வெகுமதியையும் பெற்ற நிகழ்வுகள் உண்டு. அழிந்த இடங்களில் மூங்கில் சட்டத்திலும் தென்னங்கயிற்றிலும் கடற்புல்லைக் கட்டி, கடலடித் தரையில் நட்டு வளர்க்கும் முயற்சியும் இக்கரையில் நடைபெற்று வருகிறது.

அறுந்த வலையின் விலை

வலையில் ஆவுளியா உயிரோடு துடிக்கிறது. மீனவர் வலையை அறுத்தால் அவ்வுயிர் பிழைக்கும். அறுக்காமல் மெல்ல அவிழ்க்க முயன்றால் வலை பிழைக்கலாம், உயிர் பிழைப்பது ஐயம். சிறுபடகு மீனவருக்கு வலை என்பது கடன்பட்டு வாங்கிய முதல். அறுந்த வலையோடு கரை திரும்பினால் அன்றைய கூலி மட்டுமன்று, வலையைச் சீராக்கும் வரை வரும் நாள்களின் கூலியும் போகும். நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய ஓர் உயிரைக் காத்த செலவை ஒரு குடும்பம் மட்டும் சுமப்பது நீதியாகுமா?

மகாராட்டிர அரசு இவ்வினாவிற்கு 2018இல் ஒரு விடை கண்டது. வலையில் சிக்கிய பாதுகாக்கப்பட்ட கடலுயிர்களை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் திட்டத்தை அது நடைமுறைப்படுத்தியது. வெகுமதி பாராட்டாக ஒருமுறை வருவது. இழப்பீடு உரிமையாக ஒவ்வொரு முறையும் வருவது. வலையை அறுக்கும் கை தயங்காதிருக்க, உரிமையே உறுதியான துணை.

செலவைப் பகிர்வதில் கடலில்லா ஊர்களுக்கும் பங்கு உண்டு. நாச்சியாபுரத்தில் மீன் வாங்கும் குடும்பம், அது எவ்வலையில் வந்தது என்று வினவுவதில்லை. விரல் நீளமே உள்ள சிறுமீனை மலிவாகக் கேட்பவர் இருக்கும்வரை, அதனை வாரிவரும் வலையும் இருக்கும். கரைவலையிலும் நண்டுவலையிலும் அளவோடு பிடித்த மீனுக்கு உரிய விலை கொடுப்பவர், அறியாமலேயே புல்வெளியின் காவலுக்கு ஊதியம் கொடுக்கிறார். தடைக்காலத்தில் மீன்விலை ஏறுவதைப் பொறுத்துக்கொள்வதும் அத்தகைய பங்களிப்பே.

உலகம் தரும் பாடம்

| தெரியுமா?
| ஆவுளியாவின் மிக நெருங்கிய உறவான ஸ்டெல்லர் கடற்பசுவை 1741இல் பேரிங் கடற்பகுதியில் இயற்கையியலார் ஸ்டெல்லர் கண்டு எழுதினார். எட்டு மீட்டர் வரை வளர்ந்த அவ்வுயிர், உரோம வணிகத்திற்காகக் கடல்சென்ற வேட்டையரின் உணவாகி, 1768க்குள் முற்றும் அழிந்தது. கண்டறியப்பட்ட 27 ஆண்டுகளில் ஓர் இனமே மறைந்தது.
| மே 28ஆம் நாள் உலக ஆவுளியா நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சட்டம் மட்டும் ஓர் உயிரைக் காத்துவிடுமா? சீனா 1988லேயே ஆவுளியாவிற்கு உயர்நிலைப் பாதுகாப்பு அளித்தது. ஆயினும், தன் இனத்தை இனி நிலைநிறுத்த இயலாத அளவிற்குச் சீனக் கடலில் ஆவுளியா அற்றுப்போயிற்று என்று 2022இல் வெளியான ஆய்வு கூறியது. மீனவரிடம் நேரில் வினவியே ஆய்வாளர்கள் இம்முடிவுக்கு வந்தனர். காகிதத்தில் பாதுகாப்பு இருந்தது. கடலில் புல்லும் இல்லை, உயிரும் இல்லை.

மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழும் வக்கீட்டா என்னும் சிறு கடற்பாலூட்டி, இன்று ஏறத்தாழ பத்து என்னும் நிலைக்குக் குறைந்துவிட்டது. அதனைக் கொன்றதும் செவுள்வலையே. அங்கும் வலைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால், வலையை இழந்த மீனவருக்கு வருவாய் தரும் மாற்றுக்கருவி உரிய காலத்தில் போதிய அளவில் சேரவில்லை. களவு மீன்பிடிப்பு தொடர்ந்தது. மாற்றுவழி இல்லாத தடை, மீறப்படும் தடையாகவே முடியும் என்பது வக்கீட்டா தரும் பாடம்.

இது வணிகத்தோடும் தொடர்புடையது. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடற்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம், தன் நாட்டிற்கு மீன் அனுப்பும் நாடுகளும் கடற்பாலூட்டிகள் வலையில் இறப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என எதிர்பார்க்கிறது. கடலாமைகளைத் தப்பவிடும் கருவி வலைகளில் இல்லாமையைக் காட்டி இந்தியக் கடல் இறாலை அந்நாடு ஏற்க மறுத்ததும் உண்டு. எனவே, ஆவுளியா, ஓங்கில், திமிங்கலம் முதலியவற்றைக் கணக்கெடுப்பதும் அவை வலையில் சிக்குவதைக் குறைப்பதும் ஏற்றுமதித் தொழிலுக்கும் தேவையாகிவிட்டன.

நெய்தலின் நாளை

கடலோடு போராடிப் பிழைக்கும் வாழ்வைச் சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்கள் விரிவாகக் காட்டுகின்றன. சுறாவால் புண்பட்ட பரதவரும், கிழிந்த வலையும், உப்பு விற்கும் உமணரும் அவற்றில் வருகின்றனர். நெய்தல் என்பது நிலமும் நீரும் மாந்தரும் உயிரினமும் சேர்ந்த ஒரு திணை. ஒன்றைப் பிரித்து மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்ள அதில் வழியில்லை.

பாக் விரிகுடாவின் ஆவுளியாவும் அவ்வாறே. கரையோர எல்லை மதிக்கப்படவேண்டும். பெருங்கண் செவுள்வலைகள் புல்வெளியில் இரவெல்லாம் நிற்பது குறையவேண்டும். வலையை அறுத்த மீனவருக்கு இழப்பீடு உரிமையாகவேண்டும். கரையிலிருந்து கழிவு கலந்து நீர் கலங்குவது தடுக்கப்படவேண்டும். இவற்றுள் எதுவும் ஆவுளியாவிற்கு மட்டும் நன்மை தருவதன்று. புல்வெளி வாழ்ந்தால் இறாலும் நண்டும் வாழும். அவை வாழ்ந்தால் சிறுபடகு கடலுக்குச் செல்லும். ஆவுளியாவிற்கு மூச்சுவிடக் கிடைக்கும் சில நிமிடங்களைக் காத்துக் கொடுப்போர், தம் பிள்ளைகளின் தொழிலுக்கும் காலம் சேர்த்து வைக்கின்றனர்.

சொற்பொருள்

ஆவுளியா – கடற்பசு. ஓங்கில் – டால்பின். ஊருணி – ஊரார் நீர் எடுத்துப் பயன்படுத்தும் குளம். நாற்றங்கால் – நாற்று வளர்க்கும் இடம். சால் – உழவில் ஏர் செல்லும் தடம். வலசை – பருவத்திற்கேற்ப இடம்பெயர்தல். உமணர் – உப்பு வணிகர்

இலக்கணக் குறிப்பு

இழுவலை – வினைத்தொகை
அழிந்த இடம் – பெயரெச்சம்
அறியாமலேயே – எதிர்மறை வினையெச்சம், ஏகாரம் தேற்றம்
இறாலும் நண்டும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

வந்தனர் = வா (வ) + த் (ந்) + த் + அன் + அர்
வா – பகுதி, ‘வ’ எனக் குறுகியது விகாரம்; த் – சந்தி, ‘ந்’ ஆனது விகாரம்; த் – இறந்தகால இடைநிலை; அன் – சாரியை; அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நிலவாழ் விலங்குகளுள் ஆவுளியாவின் நெருங்கிய உறவாகக் கருதப்படுவது
அ) பசு ஆ) யானை இ) குதிரை ஈ) பன்றி

2. 1983ஆம் ஆண்டின் சட்டம் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடைசெய்த கரையோர எல்லை
அ) ஒரு கடல்மைல் ஆ) இரண்டு கடல்மைல் இ) மூன்று கடல்மைல் ஈ) ஐந்து கடல்மைல்

குறுவினா

1. கடற்புல்லுக்கும் கடற்பாசிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. செவுள்வலையில் சிக்கிய ஆவுளியா இறப்பதற்குக் காரணம் என்ன?

சிறுவினா

1. ‘ஆவுளியா மீனவருக்குப் போட்டியாளர் அன்று’ – விளக்குக.
2. வெகுமதிக்கும் இழப்பீட்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதி வழி எழுதுக.

நெடுவினா

சூழல் பாதுகாப்பும் மீனவர் வாழ்வாதாரமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைப் பாக் விரிகுடாவைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ச் சந்தையில் மீன் விற்பவரிடம் உரையாடி, மீன்களின் பெயர், அவை வந்த கரை, பிடித்த வலை ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.
2. ‘வலையை அறுத்த மீனவரின் இழப்பை யார் ஏற்க வேண்டும்?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.